பெட்டிக்குள் போன பட்டுக்குடை

அடடா, அந்த மழை! பினாங்குத் துறைமுகத்தில் எதிரே நின்ற கப்பல்கூடத் தெரியவில்லை. அக்கரையிலிருக்கும் பிறை நகருக்குப் போகிற பெர்ரிப் படகைப் பிடிக்க ஓடிவந்த ருக்குமணி, படகுத்துறைக் கொட்டகைக்குள் நுழைந்த வேகத்தில் ஒருவன்மேல் மோதிக்கொண்டாள். அவன் கையிலிருந்த பொட்டலம் விழுந்து, காகிதம் கிழிந்து, உள்ளே இருந்து எட்டிப் பார்த்தது... புத்தம் புதிய பட்டுக்குடை!

"ஐயையோ, நனைஞ்சிடப் போவுது!" என்று அவன் பதறினான்.

ருக்குமணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தலையிலிருந்து, மூக்கு நுனியிலிருந்து, தையல் விட்ட சட்டையிலிருந்து... எங்கும் தண்ணீர்.

"குடை நனையக்கூடாதுன்னு நீங்க நனைஞ்சீங்களா?"

"புதுசுங்க... ஊருக்குக் கொண்டுபோக வாங்குனது."

"எப்ப ஊருக்குப் போறீங்க?"

"பென்ஷன் வந்ததும். இன்னும் இருபது வருஷந்தான்..."

ருக்குமணி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மை தீட்டிய அந்தப் பெரிய கண்கள், இமையில் ஒரு மழைத்துளியோடு... அவன் குனிந்து குடையை எடுக்கவே மறந்துபோனான்.

அவன் பெயர் பிச்சைமுத்து. துறைமுகக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. கப்பலேறி வந்த பலரையும்போல அவன் கட்டிலுக்கடியிலும் ஒரு தகரப்பெட்டி இருந்தது. நல்லதெல்லாம் பெட்டிக்குள், கிழிந்ததெல்லாம் உடம்பில்! ஊருக்குத் திரும்பிய பிறகுதான் வாழ்க்கை என்று இருந்தவன் அவன். குடையும் அன்றே பெட்டிக்குள் போனது.

ஆனால் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்டால்தானே? மறுநாள் முதல் வேலை முடிந்ததும் அவை தாமாகவே கொட்டகைக்கு வந்து நின்றன. அவனுக்கு அக்கரையில் ஒரு வேலையும் கிடையாது. ஒருநாளும் பெர்ரியில் ஏறியதும் இல்லை. ஜார்ஜ் டவுனில் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்துவிட்டு, அண்ணன் வீட்டுக்குப் படகேறும் ருக்குமணிக்கு இது தெரியாதா என்ன?

அவள் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினாள். "கச்சாங் சாப்பிடுங்க, கிராணியாரே. இல்ல, இதையும் பெட்டியில வச்சுப் பூட்டணுமா?"

"கிண்டல் பண்ணாதீங்க லா, டீச்சரம்மா..."

கடற்காற்றோடு பேச்சும், பேச்சோடு கனவும் வளர்ந்தன. அவள் படகேறிப் போனபிறகும் அவளது சிரிப்பு கொட்டகைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை புக்கிட் மெர்தாஜாம்லேருந்து என்னப் பொண்ணு பாக்க வர்றாங்க." குனிந்த தலை நிமிரவில்லை. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா... அண்ணன்கிட்ட நான் பேசுவேன்."

சொல்லிவிடேன், சொல்லிவிடேன் என்று பிச்சைமுத்துவின் மனசு கெஞ்சியது. வாயோ வேறொன்றைச் சொன்னது.

"இன்னும் கொஞ்ச வருஷம் பொறுத்தா... ஊருல ஒரு வீட்டைக் கட்டிட்டு, ஒங்கள ராணி மாதிரி..."

அவள் நிமிர்ந்தாள். கண்கள் குளமாகியிருந்தன.

"அப்ப நானும் ஒங்க பெட்டிக்குள்ள போற சாமான்தானா?"

திரும்பிப் பார்க்காமல் படகில் ஏறிப் போய்விட்டாள்.

அவன் அறைக்கு வந்தான். என்னதான் சேர்த்துவிட்டோம் என்று ஆத்திரத்தோடு பெட்டியைத் திறந்தான். கப்பலிலிருந்து இறங்கிய வருஷம் ஆசை ஆசையாய் வாங்கிய பட்டுச்சட்டை மேலே இருந்தது. ஒருநாள்கூடப் போடாத சட்டை... விரித்தான். மடிப்புக்கு மடிப்பு பூச்சி அரித்திருந்தது. அந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை மத்தியானம். மறுபடியும் அதே மழை. கொட்டகையில் ருக்குமணி தனியாக நின்றாள். 'வரமாட்டார்... வந்தால் மட்டும் என்ன?' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போதுதான் மழைக்குள் ஒரு பட்டுக்குடை விரிந்து வந்தது. அதன் கீழே பட்டுச்சட்டை, அதில் எங்கு பார்த்தாலும் ஓட்டை!

"என்ன கோலம் இது?"

"இத்தனை வருஷம் காப்பாத்தி வச்சேன். பூச்சிதான் போட்டு அனுபவிச்சிருக்கு." ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினான். "ஒங்களையும் அப்படி விட்டுடுவேனோன்னு பயந்துட்டேன். வாங்க, ஒங்க அண்ணனைப் பாப்போம்."

"இந்தச் சட்டையோடவா?"

"வேணும்னா... நாளைக்கு வேற போட்டுக்கிட்டு..."

"நாளைக்கா?" அவள் முறைத்தாள்.

"இல்ல இல்ல, இன்னிக்கே!"

பெர்ரி கிளம்பியது. முதல்முறையாக அவனையும் ஏற்றிக்கொண்டு. ருக்குமணி பையிலிருந்து ஊசியை எடுத்துச் சிவப்பு நூல் கோத்தாள். "அசையாதீங்க. அண்ணன் பாக்குறதுக்குள்ள இந்த நெஞ்சுப் பக்கத்தையாவது தைச்சிடுறேன்."

அவள் கூந்தல் அவன் மோவாயில் பட்டது. மழை வாசமும் மல்லிகையும்...

"ஏன் நடுங்குறீங்க? ஊசி குத்திடுச்சா?"

"இல்ல ருக்குமணி... ஒங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அன்னிக்கு மோதுனீங்களே, அப்பலேருந்து."

ஊசி அப்படியே நின்றது. காது மடல்வரை சிவந்துபோனாள் அவள்.

"அவசரப்பட்டு இப்பவே சொல்லிட்டீங்களே, கிராணியாரே! இன்னும் இருபது வருஷம் இருக்கே..."

சொல்லிவிட்டு, அவன் நெஞ்சருகே குனிந்து, பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.