இருபத்துநாலு டிகிரிச் சுவர்

கட்டட விபத்துகளை விசாரிக்கும் மண் பொறியாளரிடம் அந்தப் பெண் வந்தபோது, அவள் கணவர் இறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

"ஆழமாத் தோண்டின குழி சார். பக்கச் சுவர் சரிஞ்சு எங்க வீட்டுக்காரரும் இன்னும் ரெண்டு பேரும் போயிட்டாங்க. சுவர் துளி சாய்ஞ்சாலும் அலறுற கருவியை அவர்தான் மாட்டியிருந்தாரு. அது வாயே திறக்கலையாம். யார் தப்பும் இல்லைங்கிறாரு மேனேஜர்."

கணவரின் சட்டைப்பையில் கிடைத்த நோட்டை நீட்டினாள். தேதி போட்டு ஒன்பது எண்கள். மூன்றில் தொடங்கி முப்பத்தொன்றில் முடிந்தன.

கருவி கம்பியில்லாமல் அனுப்பியிருந்த பதிவுகளைப் பொறியாளர் இரண்டு நாள் புரட்டினார். மூன்றாம் நாள் மேனேஜரின் அறையில் எல்லோரும் கூடினார்கள்.

"கடைசி ஒன்பது நாளும் சாய்வே இல்லை" என்றார் பொறியாளர். "ஆனா இந்தக் கருவி சூட்டையும் குறிக்கும். உச்சி வெயில்லயும் இருபத்துநாலு டிகிரி. ஞாயித்துக்கிழமை மட்டும் முப்பத்தஞ்சு."

"அன்னிக்கு ஆபீஸ் பூட்டு, ஏசி கிடையாது!" என்று துள்ளி எழுந்தாள் பொறியாளரின் உதவியாளர். அலமாரியைத் திறந்து துழாவினாள். கோப்புகளுக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அந்தக் கருவிதான், இப்போது அணைக்கப்பட்டிருந்தது. மேனேஜரைக் காட்டினாள். "சார், இவர்தான் கழட்டியிருக்காரு!"

"நான் அதைத் தொட்டதே இல்லை" என்றார் மேனேஜர்.

"உண்மைதான்" என்றார் பொறியாளர். "இடம் மாத்தினா சாய்வைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரணும், இல்லேன்னா அலறும். அதுக்குப் போன்ல இருந்து கட்டளை போகணும். எந்தப் போன்னு பதிவாகியிருக்கு." அந்தப் பெண்ணைப் பார்த்தார். "உங்க கணவரோடதும்மா."

பொறியாளர் அவள் தந்த நோட்டைத் திறந்தார்.

"அதுக்கு முந்தின வாரம் கருவி பதினாலு தடவை அலறியிருக்கு. பதினாலு தடவையும் வேலை நின்னிருக்கு. யாரோ அவரை நெருக்கியிருக்காங்க. கழட்டிட்டாரு, ஆனா மனசு கேட்கலை. தினமும் தானே கீழ இறங்கி விரிசலை அளந்திருக்காரு. நோட்டுல இருக்கறது அதுதான்."

"நெருக்கினது யாரு?"

"வாய்வார்த்தைம்மா. அது எந்தப் பதிவுலயும் இல்லை."

மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சார், அறிக்கையில இதை விட்டுடலாமே" என்றாள் உதவியாளர், குரல் இறங்கி.

"எழுதுங்க" என்று எழுந்தாள் அந்தப் பெண். "அந்த ரெண்டு வீட்லயும் கருவியைத் திட்டிக்கிட்டு இருக்காங்க. நானும் கூட உட்கார்ந்து திட்டினேன். இப்ப நானே போய்ச் சொல்றேன்."

முதல் வீட்டில், மகனை இழந்த தாய் கதவைத் திறந்தாள்.

"வாம்மா, சாப்பிட்டியா?" என்று அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.