பக்கத்து வீட்டுப் பங்கு

கல்லின் மேல் ரசீதா வைத்துவிட்டு வந்த தட்டு காலியாகியிருந்தது. அதிலொன்றும் அதிசயமில்லை, காடென்றால் நாய் இருக்கும், நரி இருக்கும். ஆனால் தட்டு கழுவியும் இருந்தது. விளிம்பில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கைப்பிடி இலந்தைப்பழம்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். சங்கரன்கோவிலைத் தாண்டி இளையரசனேந்தல் பக்கம் கிடக்கிற மானாவாரிக் காடு அது. மழை ஏமாற்றிவிட்டதால் கரிசல் மண் வாய் பிளந்து கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு வீடும் இல்லை, கிணறும் இல்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் உடைமரங்கள் அடர்ந்து நின்றன. பொழுது அப்போதுதான் விழுந்திருந்தது.

எல்லாம் ரிபாயியின் யோசனை. தம்மாமில் வேலை பார்க்கிற அவள் புருஷன், ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் ஊருக்கு வருகிறவன். அங்கே அரபிகள் பாலைவனத்தில் கூடாரம் போட்டுக் கறி சுடுவதைப் பார்த்துப் பார்த்து அந்த ஆசை அவனுக்கும் தொற்றிக்கொண்டது. இந்த லீவில் வந்த கையோடு சங்கரன்கோவில் பட்டறை ஒன்றில் சொல்லி, காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற மாதிரி சின்ன டிரெய்லர் ஒன்றை வெல்டு பண்ணி, அதன்மேல் கேஸில் எரிகிற கிரில்லையும் சிலிண்டரையும் பொருத்திவிட்டான். அவர்கள் ஊர் கடையநல்லூரே சிரித்தது. ரசீதா சிரிக்கவில்லை. ஊருக்கும் உறவுக்கும் பங்கு வைத்தது போக, அவன் லீவில் அவளுக்கென்று மிஞ்சியது இந்த ஒரு சாயங்காலம்தான். அவனும் அவளும் பிள்ளை ஷிரின் பானுவும் மட்டும் இருக்கிற சாயங்காலம். அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

தட்டு வைத்தது பழக்கதோஷம். அவர்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர். கறி வெந்தால் வாசம் அடுத்த வீட்டுக்குப் போகும். வாசம் போன வீட்டுக்குப் பங்கும் போக வேண்டும். போன பாத்திரம் ஒருநாளும் வெறுமனே திரும்பி வராது, ஒரு வாழைப்பழமாவது வைத்துத்தான் வரும். முதல் துண்டுகள் வெந்ததும் அவள் கை தானாக ஒரு தட்டை எடுத்துவிட்டது.

"இங்கன யாருக்குட்டி வைக்க, உடைமரத்துக்கா?" என்று ரிபாயி கேலி பண்ணினான்.

"இருக்கட்டுமே. வைக்கலேன்னா எனக்குத் தொண்டையில இறங்காது."

இப்போது இலந்தைப்பழத்தோடு வந்து நின்றவளைப் பார்த்து அவன் புருவத்தைத் தூக்கினான். "கெடை போட்டுருக்கவங்களா இருக்கும். ஆடு மேய்க்கிறவங்க. இன்னும் நாலு துண்டு வச்சிட்டு வா, பாவம்."

ஆட்டுச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியும் வைத்தாள். வந்த பாத்திரத்தை வெறுமனே வைத்துக்கொண்டிருப்பது மரியாதையில்லை. அந்த இடத்தில்தான் அவள் பிசகினாள்.

திரும்பி நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் மண் போட்டுப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. சரக், சரக் என்று, அவசரமே இல்லாமல், நாளெல்லாம் வீட்டுவேலை பார்த்து அலுத்த ஒரு பெண்ணின் கை தேய்ப்பதைப் போல அது கேட்டுக்கொண்டே இருந்தது. வளையல் சத்தம் மட்டும் இல்லை. கிரில்லில் கொழுப்பு உருகிச் சொட்டிப் பொரிகிற வாசத்துக்கு நடுவே, ரொம்ப நாள் மூடிக்கிடந்த கிணற்றின் பாசி வாடை மூக்கில் ஏறியது. அதுவரை கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஓய்ந்துவிட்டன.

"அத்தா, அந்தத் தட்டு வந்துட்டு," என்றாள் ஷிரின்.

தட்டு இந்தத் தடவை கல்லின் மேல் இல்லை. டிரெய்லரின் ஓரத்தில் இருந்தது. அதில் கறி. சுட்ட கறி, ஆவி பறக்க, அவர்கள் கிரில் கம்பியின் அதே கோடுகள் விழுந்த கறி.

ரசீதா பிள்ளையின் கையைத் தட்டிவிட்டாள். ரிபாயியைத் தடுக்கத்தான் நேரமில்லை. அவன் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றான். நிதானமாக மென்றான்.

"நல்ல பதம்," என்றான். "என்ன கறின்னுதான் பிடிபடல." இன்னொன்றை எடுத்தான்.

"துப்புங்க. எனக்குப் பயமா இருக்கு. வாங்க, போயிருவோம்."

"போவோம்."

சொன்னவன் எழுந்து சிலிண்டரை மூடினான். தீ அணையவில்லை. ரெகுலேட்டரையே கழற்றிக் கீழே போட்டான். நீலத்தீ அப்படியே நின்றது. காற்றில்லை, ஆனாலும் அத்தனை நாக்கும் உடைமரங்கள் பக்கமாகச் சாய்ந்து எரிந்தன. அவனுக்கு ஆச்சரியமே இல்லை.

கறியை மசாலாவில் ஊறப்போட்டுக் கொண்டுவந்திருந்த டப்பாவில் மிச்சமிருந்ததையெல்லாம் அவன் அள்ளித் தட்டில் வைத்துக்கொண்டு கல்லை நோக்கி நடந்தான். கூப்பிட்டாள். திரும்பவில்லை. மரங்களுக்குள் போய்விட்டு வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். தட்டு கையிலேயே இருந்தது. கழுவின தட்டு.

"என்னங்க, யாரு அங்கன இருக்கா?"

"நல்லாக் கவனிச்சாங்க. வயிறு நெறஞ்சிட்டு." டப்பாவைச் சாய்த்துப் பார்த்தான். அடியில் தயிர் மசாலா மட்டும் கிடந்தது. "இனி நம்ம மொறைல்லா. கறிதான் இல்ல."

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் கோபப்படவில்லை. பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அவளை அணைத்துக் கொண்டுபோய்க் காரின் பின் சீட்டில் உட்காரவைத்தான். ஷிரினை மடியில் வைத்தான். கதவைச் சாத்தினான். சாவிப் பொத்தானை அழுத்தினான். நாலு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன.

கைப்பிடியை இழுத்தாள். வரவில்லை. முன்சீட்டுக்குத் தாவி இழுத்தாள். வரவில்லை. ஹாரனை அழுத்தினாள், சத்தம் வரவில்லை. கண்ணாடியை முழங்கையால் இடித்தாள். இடித்தாள். முழங்கைதான் வீங்கியது.

பின் கண்ணாடி வழியே டிரெய்லர் தெரிந்தது. நீல வெளிச்சம். அவன் சட்டைக் கையை மடித்து ஏற்றினான். தோள்வரை. டப்பாவுக்குள் விரலை விட்டான். மசாலாவை இடது கையில் பூசினான். உள்ளங்கையில். மணிக்கட்டில். முழங்கை மடிப்பில் விட்டுப்போகாமல். கறிக்குத் தடவுகிற அதே பொறுமை. விரலிடுக்கில்கூட.

"யா அல்லாஹ். வேண்டாங்க. வேண்டாம்."

கேட்டதோ என்னவோ, அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். விமானத்திலிருந்து இறங்கி வருகிற அன்றைக்குச் சிரிக்கிற சிரிப்பு. கையைக் கம்பியின் மேல் வைத்தான்.

அவள் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். பொரிகிற சத்தம். மரங்களுக்கு உள்ளிருந்து யாரோ எழுந்து நிற்கிற சத்தம்.

பூட்டின கண்ணாடிக்குள்ளும் வாசம் வந்தது.

அவள் உள்ளங்கைக்குள் ஷிரினின் இமைகள் துடித்தன. "அம்மா, நல்ல வாசமா இருக்கு. எனக்குப் பசிக்குது."

அழுகையோடு அழுகையாக ரசீதாவின் வாயிலும் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது.