ஈர நுனி

நீர்மின் நிலையத்தில் பட்டுக்கூடு வேகிற நாற்றம் அடிக்க எந்த நியாயமும் இல்லை. மலையைக் குடைந்து இறங்கிய படிகளில், எண்ணெய்ப் பிசுக்கும் சுவர் ஈரமும் கலந்த காற்றுக்கு அடியிலிருந்து, கூட்டுக்குள்ளேயே வெந்து செத்த புழுக்களின் அந்தக் கொழுத்த வாடை மெல்ல எழுந்துவந்து ராஜவேலுவின் தொண்டையில் படிந்தது. கச்சாப் பட்டு வாங்க மைசூர்ப் பக்கம் போன இளவயதில் அதை முகர்ந்துவிட்டு, அன்று முழுக்கச் சோறு இறங்காமல் கிடந்தவர் அவர்.

"இன்னாப்பா, மூஞ்ச சுளிக்கிறே?" மகள் சங்கரி கிசுகிசுத்தாள். "மாப்பிள வீட்டுக்காரங்க பாக்கறாங்கபா."

"நாத்தம் குடலப் பிடுங்குதேம்மா."

"எனக்கு ஒண்ணும் அடிக்கலியே."

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், சாமிக்குச் சாத்தும் பட்டை நெய்துகொடுக்கும் வீடு அவருடையது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஏற்கனவே இரண்டு இடம் கூடிவந்து கலைந்துபோயிருந்தது. இதுவும் போனால் தெருவில் தலைகாட்ட முடியாது. மாப்பிள்ளை தினேஷ் இங்கே இன்ஜினியர்; பார்வையாளர்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டுவதும் அவன்தான். தாம்பூலம் மாற்றுமுன் பெண்வீட்டார் தன் பிள்ளையின் பெருமையை நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக அழைத்துவந்தவள் அவன் தாய் கங்கையம்மாள். வாலாஜாபாத்துக்காரி. தறியை விட்டு உத்தியோகத்துக்குப் போய்விட்ட குடும்பம்.

"மாமா, இது வெள்ளக்காரன் காலத்து மிஷினு. இன்னும் ஓடிக்கினு இருக்குது," என்றான் தினேஷ். "உங்களுக்காகவே நிறுத்தி வெச்சிருக்கேன். கண்ணு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன்."

சுவருக்குப் பின்னால் ராட்சதக் குழாயில் அடைபட்ட தண்ணீர் முனகிக்கொண்டிருந்தது. கம்பித் தடுப்புக்கு அப்பால் தூண்போல் பருத்த இரும்புத் தண்டு ஒன்று, அசையாமல், தரையைத் துளைத்து இருட்டுக் குழிக்குள் இறங்கியது. அதைச் சுற்றிக்கொண்டு வந்த ஒற்றை இழை ஒன்று தடுப்பின்மேல் தொங்கி, காற்றே இல்லாத இடத்தில் ஆடியது.

தன் அங்கவஸ்திரத்து நூல்தான் கம்பியில் மாட்டி அறுந்துவிட்டது என்று நினைத்தார் ராஜவேலு. அறுந்த இழையைப் பார்த்துவிட்டு நெசவாளியின் கை சும்மா இராது. முறுக்கி ஒட்டுவதற்காக, வாழ்நாளெல்லாம் தறியில் செய்ததைப் போலவே, நுனியை எடுத்து உதட்டுக்கு நடுவில் வைத்து நனைத்தார்.

நுனி ஏற்கனவே ஈரமாக இருந்தது.

வெதுவெதுப்பான ஈரம். எச்சில். யாரோ ஒருவர், அவரைப் போலவே, உதட்டில் வைத்து நனைத்து, முறுக்கி, ஒட்டுவதற்குத் தோதாக இந்தப் பக்கம் நீட்டியிருந்தார்.

அது பட்டு அல்ல. மயிர். நாற்றம் அதிலிருந்துதான் வந்தது.

"இன்னா சம்பந்தி!" கங்கையம்மாள் உரக்கச் சிரித்தாள். "இங்க வந்துமா நூலு நனைக்கிறீங்க? தறிக்காரரு வாயி சும்மாவே இருக்காதாட்டம் இருக்குது!"

கூட வந்த உறவுக்காரர்கள் சிரித்தார்கள். சங்கரி தலையைக் குனிந்தாள். ராஜவேலு சட்டென்று வாயை மூடிக்கொண்டார். நுனி உள்ளேயே தங்கிவிட்டது.

துப்பிவிடலாம். பெண்ணைப் பெற்றவன், சம்பந்தி முன்னால், மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்திலா துப்புவது? நாக்கால் துழாவினார். நுனி அகப்படவில்லை. அது நாக்கின் அடியில் நுழைந்து, கடைவாயைத் தடவி, தானாகவே தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அழுகிய கொழுப்பின் சுவை. எச்சில் ஊறியது. விழுங்கினார். அதோடு அதுவும் இறங்கியது.

"மாமா, வேர்க்குது உங்களுக்கு. பயமா?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்ப ரெடியா? நீங்க சொன்னாத்தான் தண்ணி திறக்கச் சொல்வேன்."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தால் போதும். திறந்தால் வாந்தி வரும். கங்கையம்மாளின் புடவைமேல். மூன்றாவது இடமும் போகும்.

அவர் சரி என்று தலையசைத்தார்.

குழாய் உறுமியது. தரை நடுங்கியது. தண்டு புரண்டது. கைதட்டினார்கள்.

இழை விறைத்தது.

வயிற்றின் அடியிலிருந்து அது புறப்பட்டது. உதடுகளை இறுக்கினார். இறுக்கிய உதடுகளின் நடுவே, நூற்கண்டிலிருந்து இழை பிரிவதுபோல், சீராக வந்தது. அறுபடவில்லை. யார் கண்ணுக்கும் படவில்லை. அதன் பின்னாலேயே, கனமாக, வழுவழுப்பாக, உள்ளே ஏதோ பெயர்ந்து மேலேறியது.

சங்கரி அவரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

தண்டில் மயிர் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. குழியின் விளிம்பில் இழையின் மறுபாதி மேலே வந்தது. அதன் முனையில் இரண்டு உதடுகள். வெந்து வெளுத்தவை. மரியாதையாக, இறுக மூடியிருந்தன.

அவற்றின் நடுவிலிருந்தும் மயிர் சீராக வந்துகொண்டிருந்தது.