ஆடாத பெஞ்ச்

டெலிபோன் அலறியது!

மேற்கு வர்ஜீனியா மலைச்சரிவு. சமையலறையில் பன் மாதிரியான அந்த ஊர் பிஸ்கட்டைக் கிரேவியில் முக்கிக்கொண்டிருந்த டேரல் ஸ்டிட்ஹம் ரிசீவரை எடுத்தான்.

"டேரல்! ஹோபர்ட் கீனி அவன் சோளக்கொல்லையில செத்துக் கிடக்கான்! நெத்தியில ஒரே குண்டு!"

ஷெரீஃப் வாண்டாவின் குரல்.

"அடப்பாவமே!" என்றான் டேரல்.

நன்றாகவே சொன்னான். காலையிலிருந்து ஒத்திகை பார்த்த வசனமாயிற்றே!

அரை மணியில் வாண்டா வந்து இறங்கினாள், கையில் காபியோடு. கொல்லைப்புறத்தில் டேரல் தன் கையால் செய்த பெஞ்ச். வெள்ளை ஓக் பலகை. கால்கள் மூன்றுதான். துப்பாக்கியைச் சாய்க்க மணல் பை. நூறு கஜம் தள்ளி இலக்குத் தாள்.

"திங்கக்கிழமை மான் சீசன், ஷெரீஃபம்மா. குறி சரி பாக்க வேணாமா? எட்டுலேந்து பத்து வரைக்கும் இங்கயேதான் உக்காந்து சுட்டுட்டிருந்தேன்."

"ஊரே சத்தம் கேட்டிருக்கு. ஹோபர்ட் செத்தது ஒன்பதுக்கு... அப்ப கொன்னது நீ இல்ல."

டேரல் மூச்சு விட்டான்.

வாண்டா நடந்து போய்த் தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தாள்.

"என்னய்யா இது? ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, ரெண்டு குண்டு பக்கத்து மரத்துல! கவுன்ட்டியிலயே முதல் கை நீ. இதுவா நீ சுட்ட லட்சணம்?"

டேரல் வீட்டுப் பக்கம் திரும்பினான். ஜன்னலில் மனைவி ஐவலீன் முகம். தனக்குப் பதிலாகச் சுடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு சுட்டிருக்கிறாள், பாதகி!

"ரெண்டுல ஒண்ணுதான், டேரல். சுட்டது நீ இல்ல. இல்லைன்னா..." வாண்டா குனிந்து பார்த்தாள். "உன் பெஞ்ச் ஆடுது."

"என்னது?"

"ஹோபர்ட் சர்ச்சு வாசல்ல நின்னு சொல்லுவானே... 'டேரல் பெஞ்ச்ல குழந்தையப் போட்டா தொட்டிலே வேணாம்'னு. பாவம், சரியாத்தான் சொல்லியிருக்கான்!"

நோட்டில் கிறுக்கி நீட்டினாள்.

"'என் பெஞ்ச் ஆடும், அதான் குறி தப்புச்சு.' கையெழுத்துப் போடு. நான் கிளம்பறேன்."

பேனா டேரல் கையில். போட்டால் விடுதலை... போடாவிட்டால் ஆயுள்!

"போட்டுத் தொலைங்களேன்!" ஜன்னலிலிருந்து ஐவலீன்.

'டே...' என்று எழுதினான். கை நின்றது.

இந்த ஒரு வார்த்தையைச் சொன்னதற்காகத்தானே இன்று காலை ஒருத்தனை...!

பேனா பறந்தது.

"ஆடாது! நாலு கால் வச்சாத்தான் மேடு பள்ளத்துல ஒண்ணு தூக்கும். மூணு கால் எங்க வச்சாலும் நிக்கும்! ஒரு ஆணி அடிக்கல, அத்தனையும் போல்ட்டு! சுட்டது இவ, கண்ண மூடிக்கிட்டு! நான் சுட்டிருந்தா... அங்க சோளக்கொல்லையில பாத்தீங்கல்ல, ஒரே குண்டு..."

நிறுத்தினான்.

லேட்!

வாண்டா தளும்பத் தளும்ப இருந்த காபியைப் பெஞ்சில் வைத்து, பலகையை ஓங்கிக் குத்தினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"அட, நிஜமாவே ஆடல! இந்தத் தாள வச்சு எந்த ஜட்ஜும் உன்ன உள்ள தள்ளியிருக்க மாட்டார், டேரல். நீயா போயி உக்காந்துக்கிட்ட!"

விலங்கு 'க்ளிக்'கியது.

"கவலப்படாத. ஜெயில்ல தச்சுப் பட்டறை இருக்கு... அங்க எல்லா பெஞ்சும் ஆடுது!"