ஓடைக்குள் நூற்று நாற்பது பேர்

ஐப்பசி பிறந்தால் வட்டத்திலுள்ள ஊர்களுக்கெல்லாம் இடரெண் வந்துவிடும். மழை, கண்மாய்க் கரையின் பலம், மக்கள் நடமாட்டம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து 'இடர்க்கணி' என்ற சர்வர் அதைச் சொல்லும். எழுபதைத் தாண்டினால் ஊர் காலி. கரண்டு, தண்ணீர், பஸ் மூன்றும் தைக்குள் நின்றுபோகும். சனங்கள் நகரத்து அடுக்ககத்துக்குப் போகவேண்டியதுதான்.

செவக்காட்டுக்கு இந்த முறை எண்பத்து மூன்று. ஊரின் நூற்று நாற்பது பேரும் பகல் முழுக்க வெள்ள ஓடைக்குள்ளேயே நிற்பதாக இடர்க்கணி சொன்னது. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் இருக்கவேண்டிய உயிர்ப்பட்டை அங்கிருந்துதான் சிக்னல் அனுப்பியது. வேலைவெட்டி இல்லாமல் ஓர் ஊரே ஓடைக்குள் நிற்குமா என்று மதிப்பீட்டாளர் செண்பகவல்லிக்கு உறுத்தியது. நேரில் வந்தாள்.

ஓடையில் இருந்தது ஆட்டுக்காரி இருளாயி ஒருத்திதான். சுற்றிலும் ஊராரின் ஆடுகள். ஆட்டுக்கு ஒன்றாகக் கழுத்தில் உயிர்ப்பட்டை.

"என்னக்கா இது?"

"மனுசன் தொலைஞ்சா தானா வீடு வந்து சேருவான் தாயி. ஆடு வருமா? அதான் ஊரே கழட்டிக் கட்டிருச்சு."

செண்பகவல்லிக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "இதுக்காக ஊரையே காலி பண்ணப் போறாங்கக்கா!"

இருளாயியின் முகம் செத்துப்போயிற்று. "அடுக்ககத்துல எங்க ஆட்டை ஏத்துவாகளா?"

ஏற்றமாட்டார்கள். செண்பகவல்லி இடர்க்கணியிடம் மன்றாடினாள். அது விளக்கத்தை ஏற்கவில்லை. ஒரே ஒரு சோதனைக்கு மட்டும் இறங்கிவந்தது. பட்டைகள் மனிதர் கையில் இருக்கவேண்டும். சங்கு ஊதிய இருபது நிமிடத்தில் நூற்று நாற்பது பேரும் பள்ளிக்கூட மேட்டில் நிற்கவேண்டும். ஒருவர் குறைந்தாலும் எண்பத்து மூன்றுதான்.

ஆடுகளை ஊர்ப் பட்டியில் அடைத்து, பட்டைகளை அவிழ்த்து ஆளாளுக்குக் கட்டி முடித்ததும் சங்கு ஊதியது. பாவி சனங்கள்! ஒருத்தி பூட்டைத் தேடினாள். இன்னொருத்தர் வேட்டி மாற்றப் போனார். தெருமுக்கில் நான்கு பேர், வெள்ளமே வராமல் எதற்கு ஓடவேண்டும் என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் போய்விட்டது. மேட்டில் ஒன்பதே பேர். தலைக்கு மேல் ட்ரோன் எண்ணிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி தொண்டை கிழியக் கத்தியும் யாரும் அசையவில்லை.

இருளாயி ஆட்டுப்பட்டியைத் திறந்தாள். மொத்த ஆட்டையும் தெரு நடுவே மேட்டைப் பார்த்து விரட்டிவிட்டாள்.

"ஏ, ஆடு போகுது! மறிங்கப்பா!"

அவ்வளவுதான். பூட்டு ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம். கதவெல்லாம் திறந்து கிடக்க, கைப்பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஊரே ஆட்டுக்குப் பின்னால் ஓடியது. பத்தொன்பதாம் நிமிடத்தில் கடைசி ஆளாக மேடேறினார் தபால்காரர், இடுப்புவேட்டியை ஒரு கையிலும் குட்டியொன்றை மறுகையிலும் பிடித்தபடி.

நூற்று நாற்பது. புதிய இடரெண் இருபத்தொன்பது, வட்டத்திலேயே குறைவு. சனங்களின் கூச்சலில் மேடு அதிர்ந்தது. செண்பகவல்லி பதவியை மறந்து இருளாயியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். இப்படியொரு சந்தோஷம் அவள் வேலையில் அதுவரை வந்ததே இல்லை.

மூச்சு அடங்கியதும் இருளாயி கேட்டாள்: "காலி பண்ணின ஊருக்கெல்லாம் இப்படித்தான் வந்து பாத்தீகளா?"

செண்பகவல்லிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவள் கையெழுத்தில் காலியானவை பதினொரு ஊர்கள். ஒன்றையும் அவள் கண்ணால் கண்டதில்லை.

"அதுல ஒண்ணு பக்கத்துல இருக்கிற கூமாப்பட்டறை. அங்க எத்தனை மணிக்கு பஸ்க்கா?"

"பஸ்ஸைத்தான் நிறுத்திட்டீகளே தாயி. நடந்துதான் போகணும்."

"நடப்போம்," என்று செண்பகவல்லி மேட்டைவிட்டு இறங்கினாள்.