அரைத்துயிலில் சொன்ன சரி

கேப்டன் திருமூர்த்தியின் ஓய்வுக் கணக்கு எப்போதும் நிறைந்தே இருந்தது. இப்படியொரு விமானி கோவையிலேயே கிடையாது என்று அவருடைய முதலாளி, சொந்த விமானம் வைத்திருக்கும் பம்புத் தொழிற்சாலைக்காரர், போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அந்த மனிதருக்குக் காபி குடிக்கும்போதுதான் துபாயில் வேலை இருப்பது நினைவுக்கு வரும். அட்டவணை என்று எதுவும் கிடையாது. ஆனால் பத்து மணி நேரம் தூங்காத விமானி விமானத்தை எடுக்கக்கூடாது என்பது சட்டம்.

அந்தச் சட்டத்தைச் சமாளிக்க வந்ததுதான் அரைத்துயிலி. பொட்டளவு கருவி. காதுக்குப் பின்னால் வைத்தால் 'டிக்' என்று ஒட்டிக்கொண்டு பச்சையாக மின்னும். டால்பின்கள் நீந்திக்கொண்டே தூங்குவதுபோல, மூளையில் பாதி தூங்கும், ஓய்வுக் கணக்கில் அது ஏறிவிடும். மறுபாதி சாப்பிடும், நடக்கும், கேட்டதற்கெல்லாம் தலையாட்டும். நினைவில் மட்டும் எதுவும் தங்காது. எப்போது முழுதாக விழிக்க வேண்டும் என்று நாமே அமைத்துக்கொள்ளலாம். திருமூர்த்தியின் அமைப்பு, 'முதலாளி அழைத்தால்'. மூன்று வருடமாக வீட்டுக்குள் நுழையும்போதே அதை ஒட்டிக்கொண்டு, அழைப்பு வந்ததும் விழித்து ஓடினார். வீட்டில்தானே இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் பயணம் ரத்தாகி, விமான நிலையத்திலிருந்து கிளம்பும்போது மனைவி கிருத்திகாவின் அக்கா பவித்ரா போனில் அழைத்தாள்.

"நாளைக்குக் கிருத்திக்கு மூணாவது கீமோங்க. நான் ஊர்ல இல்ல. இந்தத் தடவையாச்சும் நீங்க கூட்டிட்டுப் போவீங்களா?"

"என்ன கீமோ?"



"மார்ல கட்டின்னு அவ வந்து சொன்னப்ப, 'சரி, பாத்துக்கலாம்'னீங்களாம். ஆபரேஷன் அன்னிக்கு என் பக்கத்துலதானுங்க உக்காந்திருந்தீங்க. ரெண்டு இட்லிகூடச் சாப்ட்டீங்க."

காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு அழுதார். அந்த இட்லிதான் அவரைக் கொன்றது. அரைத்துயிலி சட்டைப்பையில் இருந்தது. இன்று அதைப் போடாவிட்டால் நாளை முதலாளியை ஏற்றிச்செல்ல முடியாது, வேலையும் போகும். போகட்டும் என்று முடிவுசெய்தார்.

கிருத்திகாதான் கதவைத் திறந்தாள். அவள் தலையில் கட்டியிருந்த துணியை அப்போதுதான் அவர் பார்த்தார். சோபாவில் உட்கார வைத்து, அவள் இரு கைகளையும் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

"நானெல்லாம் மனுசனே இல்ல கிருத்தி. நீ சொன்னது எதுவும் என் காதுல விழல. நாளைக்கு நான் வர்றேன். இனி எல்லாத்துக்கும் நான் வர்றேன். என்னை மன்னிச்சிரு."

அவள் அன்பாகத் தலையாட்டினாள்.

"சரிங்க, பாத்துக்கலாம். தோசை ஊத்தட்டுங்களா?"

தலைத்துணியை மெல்ல விலக்கினார். காதுக்குப் பின்னால் பச்சை மின்னியது. விமானிகளின் குடும்பத்துக்கென்று தீபாவளிக்கு இலவசமாக வந்த கருவி. பாதித் தூக்கத்தில் பிடுங்கக் கூடாது, ஆபத்து. விரல் பட்டதும் அது தன் அமைப்பை மெல்லிய குரலில் சொன்னது.

'விழிப்பு: அவர் கிளம்பினால்.'

மூன்று வருடம் தான் செய்ததைத்தான் அவளும் செய்திருக்கிறாள். கோபப்படக்கூட அவருக்கு யோக்கியதை இல்லை. வேலைக்குக் கிளம்புகிறவர்போலத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, வாசலிலேயே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கிருத்திகா போனில் பேசும் குரல் கேட்டது. மறந்தே போயிருந்த, உயிருள்ள குரல்.

"அவர் கெளம்பிட்டாருக்கா. நாளைக்கு ஆட்டோ வெச்சுப் போய்க்கறேன், நீ கவலப்படாத. அவரா? வந்தாரு. என்னமோ பேசியிருப்பாரு போல. தெரியலக்கா, கையெல்லாம் ஈரமா இருக்குது."

திருமூர்த்தி அவசரமாக அழைப்புமணியை அழுத்தினார்.

"வெச்சர்றேன்க்கா, திரும்ப வந்துட்டாரு."

காலடிச் சத்தம் கதவு வரைக்கும் வந்து நின்றது. 'டிக்' என்று ஒரு சின்ன ஓசை கேட்டது. அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது.