கரையை வெட்டாத தளபதி

தை மாதத்துப் பௌர்ணமிச் சந்திரன், மேற்கே கதிரவன் முழுவதும் மறையும் வரைகூடக் காத்திராமல், கிழக்கே பனங்காட்டுக்கு மேல் தலை நீட்டிவிட்டான். அந்த இரண்டு ஒளிகளையும் ஒருங்கே ஏந்திய பொருநை நதி, ஒருபாதி பொன்னாகவும் மறுபாதி வெள்ளியாகவும் உருகி, வெண்பாறைக்கோட்டையின் கொத்தளங்களைத் தழுவிக்கொண்டு ஓடியது. நாணற்காட்டிலிருந்து எழுந்த நாரைக் கூட்டம் அந்த ஒளியில் மிதந்து தென்கரை வயல்களை நோக்கிப் பறந்தது. ஆனால் நட்டாற்றில் ஓடம் செலுத்திவந்த அருளாயி என்ற நங்கைக்கு இந்த அழகில் எதுவும் கண்ணில் படவில்லை. அவளுடைய மடியருகே வாழையிலையில் கட்டிய சோறு இருந்தது. அதை உண்ண வேண்டியவரின் தலை மறுநாள் காலையில் வெட்டப்படுவதாக இருந்தது.

அவர் வேறு யாருமல்லர், வாசகர்களே! வெண்பாறைப் பாளையத்தின் குதிரைப்படைத் தளபதியும், அறுவடை முடிந்ததும் அருளாயியை மணக்கவிருந்த அத்தை மகனுமாகிய சந்தியாகுத் தேவர்தாம். பேராச்சிக் குளத்து நீருக்காக இரண்டு பாளையங்களுக்கு இடையே மூண்ட போரில், இளைஞரான மன்னர் நல்லபெருமாள் சேதிராயர் முந்தைய நாள் ஒரு கட்டளை பிறப்பித்தார். நிரம்பித் தளும்பும் அந்தக் குளத்தின் கரையை இருட்டில் வெட்டிவிட்டால் கீழே தங்கியிருக்கும் பகைவர் படை அடித்துச் செல்லப்படும் என்பது அவருடைய திட்டம். படைக்கு அப்பால் குடியானவர்களின் ஊர்கள் இருந்தன. “போர்க்களத்திற்கு அனுப்புங்கள், மகாராஜா, போகிறேன். தூங்கும் குழந்தைகளைத் தண்ணீரில் கொல்ல என் ஆண்டவர் அனுமதிக்கவில்லை” என்று சொல்லி, சந்தியாகு தம் வாளை மன்னரின் காலடியில் வைத்துவிட்டார். அதன்பிறகு வேறெந்த வீரனும் மண்வெட்டியைத் தொடத் துணியவில்லை. “தளபதியின் தலை விழட்டும், அப்புறம் எவன் மறுக்கிறான் பார்க்கிறேன்!” என்றார் மன்னர்.

ஓடத்தில் அருளாயிக்கு எதிரே முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தலையில் முக்காடு, கழுத்தில் ஜெபமாலை. சாகப்போகிறவருக்காக ஜெபம் சொல்ல வந்த உபதேசியார் என்று சொல்லி அவர் தென்கரையில் ஏறியிருந்தார். கோட்டை நெருங்கியதும் அவர் பக்தியோடு சிலுவை அடையாளம் போட்டார். போட்டது இடது கையால்!

அருளாயி துடுப்பை நிறுத்தினாள்.

“உபதேசியாரே! எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பால் மறக்கும் முன்பே வலக்கையால் சிலுவை போடக் கற்றுவிடும். தாங்கள் எந்தக் கோயில் உபதேசியார்?”

முதியவர் திடுக்கிட்டார். பிறகு தம்மை மறந்து சிரித்துவிட்டார். “கெட்டிக்காரி! நான் உபதேசி இல்லைதான், தாயே. உன் அத்தானைச் சிறையிலிருந்து கொண்டுபோக வந்தவன். கோட்டைக்கு மேற்கே தாழம்புதரில் குதிரைகள் நிற்கின்றன. நீ கூச்சல் போட்டால் என் தலை போய்விடும். போடாவிட்டால் அவருடைய தலை தப்பும்.”

அருளாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முன்னைவிட வேகமாகத் துடுப்பை வலித்தாள்.

“யாரு அங்க?” என்றான் நீர்வாசல் காவலன் சுடலை.

“நாந்தாண்ணே. சோறு கொண்டாந்திருக்கேன். கூட உபதேசியார் வந்திருக்காரு.”

“போ தாயி. தளபதி ஐயா பச்சத் தண்ணிகூட வாயில வைக்கல. நான் இந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்” என்று கூறிய அந்தக் காவலன், சிறைக்கதவைத் திறந்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டான்.

சிறைக்குள் சாளரத்து நிலவொளியில் முழந்தாளிட்டிருந்த சந்தியாகு எழுந்தார். முதியவர் முக்காட்டை நீக்கியதும், இடது செவிக்குக் கீழே நீண்ட வாள் தழும்பு தெரிந்தது. அந்தத் தழும்பைச் சந்தியாகு போர்க்களத்தில் பார்த்திருக்கிறார்.

“தடிவீரப் பாண்டியர்!” என்றார் வியப்புடன். “பகைப் பாளையத்தின் தலைவர் இங்கே தனியாகவா?”

“என் பேரப்பிள்ளைகள் அந்தக் குளத்தின் கீழேதான் நேற்று உறங்கினார்கள், தளபதி. உம்மால் இன்று காலையில் விழித்தார்கள். உம்மைச் சாகவிட்டு நான் எப்படி உண்பேன்? புறப்படும்!”

“இவ்வளவு தூரம் வந்த அன்புக்குத் தலைவணங்குகிறேன், ஐயா. ஆனால் நான் வருவதற்கில்லை.”

“அத்தான்!” என்று கதறிவிட்டாள் அருளாயி. “மன்னர் சொன்னதை மீறித்தானே இங்கே கிடக்கிறீர்கள்? இன்னும் ஒன்றை மீறினால் என்ன கெட்டுவிடும்?”

சந்தியாகு அவள் கைகளைப் பற்றிக்கொண்டார். “ஆண்டவர் தடுத்ததைச் செய்யும்படி மன்னர் சொன்னார், மாட்டேன் என்றேன். இப்போது சிறையில் இரு என்கிறார். இதில் நான் மறுக்க வேண்டிய பாவம் என்ன இருக்கிறது, அருளாயி? மன்னருடைய அதிகாரமும் ஆண்டவர் கொடுத்ததுதானே? இன்று நான் ஓடினால், நேற்று ஆண்டவருக்காக மறுத்தேன் என்பதை யார் நம்புவார்கள்? கலகக்காரன் என்பார்கள். என் குதிரைவீரர்களும் மன்னருக்கு எதிராக வாளை உருவுவார்கள்.”

அருளாயி அழுதாளே தவிர, கைகளை விடுவித்துக்கொள்ளவில்லை.

சந்தியாகு முதியவர் பக்கம் திரும்பினார். “ஐயா, இன்னொன்று. என் மன்னரின் பகைவர் கோட்டைக்குள் வந்திருப்பதை அறிந்த பிறகு, அதை அவரிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை.”

பாண்டியரின் கை இடுப்பிலிருந்த கத்தியை நாடியது. “என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறீரா?”

“அழைத்துப் போகிறேன். தூதராக என்னுடன் வாருங்கள். தங்கள் மேல் விழும் வாள் முதலில் என் மேல் விழும். விருப்பமில்லையானால் ஓடம் கீழே நிற்கிறது. இரக்கத்தினால் வந்தவர் தாங்கள். ஆகையால் தாங்கள் கரையேறிய பிறகுதான் மன்னரிடம் சொல்வேன்.”

அந்தக் கிழச்சிங்கம் சற்று நேரம் தளபதியின் முகத்தையே உற்றுப் பார்த்தது. பிறகு கத்தியை உருவித் தரையில் எறிந்துவிட்டு, “நடவும்!” என்றது.

நிலா முற்றத்தில் தனியாக உலாவிக்கொண்டிருந்த சேதிராயர், காவலன் முன்னே வர நுழைந்த மூவரையும் கண்டதும் வாளை உருவிக்கொண்டு பாய்ந்தார். சந்தியாகு குறுக்கே வந்து மண்டியிட்டார். நடந்ததையெல்லாம் ஒன்றும் மறைக்காமல் கூறினார்.

“சிறைக்கதவு திறந்திருந்ததா?” என்று கேட்டார் மன்னர்.

“திறந்திருந்தது, மகாராஜா.”

“குதிரைகள்?”

“தாழம்புதரில் நிற்கின்றன.”

“பின் ஏன் ஓடவில்லை?”

“மகாராஜா என்னை இருக்கச் சொன்ன இடம் சிறை. அதைவிட்டு நான் வரத்தக்க இடம் மகாராஜாவின் சந்நிதி ஒன்றுதான். கரையை வெட்ட மறுத்ததற்கு என் தலை தங்களுடையது. இவரை மட்டும் தூதராக ஏற்கவேண்டும்.”

சேதிராயரின் வாள்நுனி மெல்லத் தாழ்ந்தது. முந்தைய இரவு அவரும் உறங்கவில்லை. கண்ணை மூடும்போதெல்லாம் வெள்ளத்தின் இரைச்சல் அவர் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

“மடைத் தண்ணீரைச் சரிபாதியாகப் பங்கிடுவோம், தம்பி” என்றார் தடிவீரப் பாண்டியர். “உம் தகப்பனார் காலத்திலேயே நான் சம்மதித்திருக்க வேண்டும். வீம்பினால் மறுத்தேன்.”

“சரிபாதி!” என்று மன்னர் தம் வாளை உறையில் போட்டார். பிறகு உள்ளே சென்று, சந்தியாகு விட்டுச்சென்ற வாளைத் தம் இரு கைகளிலும் ஏந்திவந்தார்.

“பெற்றுக்கொள்ளும்.”

“வாங்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன், மகாராஜா. அதே கட்டளை மீண்டும் வந்தால் இதே மறுமொழிதான் வரும்.”

“எந்த எல்லைக்கு மேல் வரமாட்டேன் என்று என் முகத்துக்கு நேரே சொல்பவர் என் பாளையத்தில் நீர் ஒருவர்தாம். அதையே சத்தியமாகச் செய்யும்!” என்றார் சேதிராயர்.

சந்தியாகு வாளின் மேல் கை வைத்தார். “என்னைப் படைத்தவர் சாட்சியாக, அவர் தடுத்தது நீங்கலாக, மகாராஜாவின் எல்லாக் கட்டளைகளுக்கும் உயிருள்ளவரை கீழ்ப்படிவேன்.”

இரு தலைவர்களும் அதே வாளின் மேல் கைவைத்து, பேராச்சிக் குளத்துக் கரையை இனி எக்காலத்திலும் எவரும் வெட்டுவதில்லை என்று ஆணையிட்டார்கள்.

அதன்பின் மன்னரின் பார்வை அருளாயியின் மேல் விழுந்தது. “பகைவரைக் கோட்டைக்குள் கொண்டுவந்தவள் இவள். இவளுக்குத் தண்டனை உண்டு.”

அருளாயி நிமிர்ந்து நின்றாள். “விதியுங்கள், மகாராஜா. நானும் ஓட மாட்டேன்.”

“அறுவடை முடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. உங்கள் தவக்காலம் தொடங்கும் முன்பே திருமணம் நடந்தாக வேண்டும். இது அரசகட்டளை!”

அருளாயி ஓரக்கண்ணால் சந்தியாகுவைப் பார்த்தாள். அன்று முதன்முறையாக அவள் இதழ்களில் புன்னகை மலர்ந்தது.

“இந்தக் கட்டளையை ஆண்டவர் தடுக்கவில்லை, மகாராஜா. கீழ்ப்படிகிறோம்” என்றாள்.